பல் பிரஷும் குப்பை மேடும்

பல் விளக்கும் பிரஷில் கிருமிகள் தங்காதபடி செய்வதற்குப் பலர் பல யோசனைகளைக் கூறி வருகின்றனர். அவற்றுள் ஒன்று, கேட்ட மாத்திரத்தில் எவரையும் கவரக்கூடியது. கைப்பிடி என்றும் ஒன்றாகவே இருக்கும். அதன் நுனியில் மயிர்க்கற்றைகள் பதித்த சிறு தலையொன்றைப் பொருத்திப் பல்லை விளக்கி, வேலை முடிந்தவுடன் அந்தத் தலையைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். மறுவேளைக்குப் புதிய தலை. நேற்றைய எச்சில் இன்று வாய்க்குள் செல்லாது என்பதே இதன் பெருமை. எச்சில் விஷயத்தில் மிகுந்த கூச்சமுடைய நம் ஜனங்களிடையே இந்த யோசனை செல்வாக்குப் பெறுவது எளிது. அதற்கு முன்பாகவே இதன் குணதோஷங்களைச் சீர்தூக்கிப் பார்த்துவிடுவது நலமென்று கருதுகிறோம்.

பிரஷைப் பற்றிய விவாதம் பொதுஜன ஊழியர்களின் கவனத்துக்கு உரியதா என்று சிலர் கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுமார் 350 கோடி ஜனங்கள் வாய் நோயால் பீடிக்கப்பட்டிருக்கின்றனர். அவர்களில் நால்வருக்கு மூவர் நடுத்தர வருமானமுள்ள தேசங்களில் வசிப்பவர்கள். இந்தியாவும் அவ்வகைத் தேசங்களில் ஒன்றே. சொத்தைப் பல்லின் வலியால் இரவெல்லாம் தூங்காத கூலிக்காரன் மறுநாள் வேலைக்குப் போக இயலாது. ஈறு வீங்கிய குழந்தை பள்ளியில் பாடத்தைக் கவனிக்க இயலாது. ஆதலால் பல்லைக் காப்பதெப்படி என்பது ஒவ்வொரு வீட்டின் சொந்த விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை. அது தேச நலனைச் சேர்ந்த விஷயமாகும்.

ஒருமுறை உபயோகித்து எறிந்துவிடும் பழக்கம் நமக்குப் புதிதன்று. காலையில் வேம்பிலோ வேலிலோ ஆலிலோ ஒரு குச்சியை ஒடித்து, நுனியை மென்று நாராக்கிப் பல்லை விளக்கி, பிறகு அதையே இரண்டாகக் கிழித்து நாக்கை வழித்து எறிந்துவிடுவது நம் முன்னோர் வழக்கம். ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியென்று கூறும் பழமொழியை அறியாத தமிழர் இல்லை. அந்தக் குச்சிக்கு உறை இல்லை, கைப்பிடி இல்லை, விலையும் இல்லை. எறிந்த இடத்தில் சில நாளில் மக்கி மண்ணாகிவிடும். இங்கிலாந்தில் 1780-ம் வருஷத்தில் வில்லியம் ஆடிஸ் என்பவர் எலும்புக் கைப்பிடியில் மிருகங்களின் மயிரைப் பதித்துப் பிரஷ் செய்து விற்கத் தொடங்கினார். அவ்விதப் பிரஷின் மயிர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சீக்கிரம் உலராமல் இருந்தது. 1938-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனியின் நைலான் இழையைப் பதித்த பிரஷ் கடைக்கு வந்தது. நைலான் விரைவில் உலரக்கூடியது, விலையும் குறைந்தது. பின்னர் கைப்பிடியும் பிளாஸ்டிக் ஆயிற்று. பிரஷ் ஏழையின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான். இந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

இனி, கிருமிகளின் விஷயத்தை ஆராய்வோம். மனிதனுடைய வாயில் பல நூறு வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. பல் விளக்கிய பிரஷில் அவை ஒட்டிக்கொள்வது உண்மை. குளிக்கும் அறையும் கழிப்பிடமும் ஒன்றாக உள்ள வீடுகளில், வேறு அசுத்தங்களும் காற்றின் மூலம் அதன்மேல் படியக்கூடும். ஆனால் நம் வாயிலிருந்து பிரஷில் ஏறிய கிருமி மறுபடியும் நம் வாய்க்கே வருவதால் புதிய நோய் என்ன விளைகிறது? பிரஷில் வளரும் கிருமிகளால் மனிதனுக்குக் குறிப்பிட்ட தீங்கு நேருகிறதென்று காட்டப் போதிய சான்று இல்லையென்றே அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் கூறுகிறது. அச்சங்கம் சொல்லும் புத்திமதிகள் மிகவும் எளியவை. பிரஷை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. உபயோகித்தபின் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலம்பி, நிமிர்த்தி வைத்துக் காற்றில் உலர விட வேண்டும். எப்போதும் மூடிய பெட்டியில் வைக்கக் கூடாது. மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மயிர் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே, புதியதாக மாற்ற வேண்டும். தண்ணீரும் காற்றும் செய்துவிடுகிற வேலைக்கு ஒரு தொழிற்சாலை எதற்கு?

புதிய யோசனையின்படி செய்தாலும் அசுத்தம் முற்றிலும் ஒழிந்துவிடுமா என்பதும் சந்தேகமே. தலையைக் கழற்றி மாட்டுவதற்குக் கைப்பிடியில் ஒரு பொருத்துவாய் இருந்தாக வேண்டும். அந்த இடுக்கில் எச்சிலும் பற்பசையும் ஈரமும் சென்று தங்கும். தலை மட்டும் தினந்தோறும் புதிதாக இருக்கும். இடுக்கோ பழையதாகவே இருக்கும். பொருத்து இறுக்கமாக இருந்தால் கழற்றும்போது விரல்கள் எச்சிலில் படும். தளர்ந்திருந்தால் பல் விளக்கும்போதே தலை கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. மேலும், உபயோகிக்கும் வரையில் தலை சுத்தமாக இருப்பதற்கு ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டு ஒட்டியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு வேளையும் எறியப்படுவது தலை ஒன்று, உறை ஒன்று ஆக இரண்டு பொருள்கள்.

இதன் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு இருவேளை பல் விளக்குபவருக்கு வருஷத்துக்கு 730 தலைகள் வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 2,920. பத்து லட்சம் ஜனங்கள் உள்ள ஒரு நகரத்தில் எல்லோரும் இதைக் கைக்கொண்டால் 73 கோடி தலைகள். ஒரு தலையின் நிறை ஒரே ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டாலும், உறை நீங்கலாக, 730 டன் குப்பை சேரும். இப்போதுள்ள முறையில், பதினைந்து கிராம் நிறையுள்ள பிரஷை வருஷத்துக்கு நான்காக அதே ஜனங்கள் எறிந்தால் 60 டன்தான் ஆகும். சுத்தத்தின் பெயரால் குப்பை பன்னிரண்டு மடங்காகிறது.

இக்குப்பை எங்கே போகும்? பிரஷின் தலையில் ஒருவகைப் பிளாஸ்டிக்கும், மயிரில் நைலானும், மயிரைப் பிடித்து நிறுத்தச் சிறு உலோகத் துண்டுகளும் கலந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்தெடுத்து மறுபடியும் உபயோகப்படுத்துவது லாபமற்ற வேலையாதலால் எவரும் அதை விரும்பிச் செய்யார். மக்கும் குணமும் இவற்றுக்கு இல்லை. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பை மேடுகளைக் கண்டவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போய்ச் சேருமுன், வீட்டு வாசலில் அதை அள்ளுகிறவர்கள் யார்? நம் எச்சில் நம் வாய்க்கே மறுபடியும் வரக் கூடாதென்று கூசுகிற நாம், நால்வரின் எச்சில் பட்ட எட்டுத் தலைகளைத் தினந்தோறும் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கையில் கொடுப்பதற்குக் கூசாதிருக்கலாமா? தன் வீட்டு அழுக்கை அயலான் தலையில் ஏற்றிவிட்டு அதற்குச் சுகாதாரம் என்று பெயரிடுவது தகாது.

இவ்வியாபாரத்தின் உட்பொருளையும் நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜில்லெட் என்பவர் 1903-ம் வருஷத்தில், தேய்ந்தவுடன் எறிந்துவிடக்கூடிய பிளேடு பொருந்திய க்ஷவரக் கத்தியை விற்கத் தொடங்கினார். கைப்பிடியை ஒருமுறை வாங்கியவர் அதற்கேற்ற பிளேடை ஆயுள் முழுவதும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பாடத்தை அதன்பின் உலகத்து வியாபாரிகள் அனைவரும் கற்றுக்கொண்டனர். பிளேடாவது உபயோகத்தால் மழுங்குகிறது. அதை மாற்றுவதற்கு நியாயம் உண்டு. ஒரு வேளைக்குப் பின் பிரஷின் மயிர் சிறிதும் தேய்வதில்லை. அதை எறியச் செய்ய வேண்டுமானால், வாங்குகிறவர் மனத்தில் பயத்தை உண்டாக்கினால்தான் முடியும். 2009-ம் வருஷத்தில் கோல்கேட் கம்பெனி, தண்ணீரில்லாமலே ஒருமுறை விளக்கி எறிந்துவிடக்கூடிய சிறிய பிரஷ் ஒன்றை வெளியிட்டது. வழிப்பிரயாணத்தில் அது ஒரு சௌகரியம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். சௌகரியத்தை அன்றாடக் கடமையாக மாற்றப் பார்க்கும்போதுதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பிற தேசத்தார் எந்தத் திசையில் செல்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். சீனாவில் ஷாங்காய் நகரத்து ஹோட்டல்கள், விருந்தினர் கேளாமல் தாமாகவே எறியும் பிரஷ்களைக் கொடுக்கக் கூடாதென்று 2019-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தடுக்கப்பட்டன. ஜப்பானில் 2022-ம் வருஷம் ஏப்ரலில் அமுலுக்கு வந்த சட்டம், இலவசமாக வழங்கப்படும் பிளாஸ்டிக் பொருள்களில் பன்னிரண்டு வகைகளைக் குறைக்க வேண்டுமென்று விதித்தது. பல் பிரஷும் அவற்றுள் ஒன்று. தென் கொரியாவில் ஐம்பது அறைகளும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்கள் இத்தகைய பிரஷை இலவசமாகக் கொடுப்பது 2024-ம் வருஷம் மார்ச் மாதம் முதல் தடை செய்யப்பட்டது. நம் தமிழ்நாட்டிலோ 2019-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகைகள் தடுக்கப்பட்டன. இந்திய சர்க்காரும் 2022-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து தட்டு, குவளை, உறிஞ்சு குழாய், காது குடையும் பிளாஸ்டிக் குச்சி முதலியவற்றைத் தடுத்தனர். காது குடையும் குச்சிக்கு உள்ள தடை பல் விளக்கும் தலைக்கு இல்லை. இந்த இடைவெளியை இப்போதே அடைப்பது எளிது. வியாபாரம் வேரூன்றிய பிறகு தடுப்பது எவ்வளவு கடினமென்பதைப் பிளாஸ்டிக் பையின் சரித்திரம் நமக்குக் காட்டியிருக்கிறது.

எறியும் தலைக்கு எங்குமே இடமில்லையென்று நாம் கூறவில்லை. நினைவிழந்து படுத்திருக்கும் நோயாளி, நோயை எதிர்க்கும் சக்தி மிகக் குறைந்துவிட்டவர், புற்றுநோய்ச் சிகிச்சையால் வாய் புண்ணானவர் ஆகியோர் விஷயத்தில் வைத்தியர் சொல்வதே முடிவு. வெள்ளத்தில் வீடிழந்து, நல்ல தண்ணீருமின்றி முகாமில் தங்கியிருப்பவர்களுக்கும் சில நாளைக்கு இது உதவக்கூடும். ஆஸ்பத்திரியில் குப்பையைப் பிரித்து அழிப்பதற்குத் தனி விதிகளும் உண்டு. நோயாளிக்கு ஏற்ற மருந்தைச் சுகதேகிக்குத் தினசரி ஆகாரமாக்குவதையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

ஆகவே, பிரஷை அமைக்கும் சாமர்த்தியமுடைய நம் இளைஞர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் வேறொரு வழியைக் காட்ட விரும்புகிறோம். கைப்பிடி நீடித்து உழைக்கட்டும். அதை உலோகத்தாலோ உறுதியான மரத்தாலோ செய்யலாம். தலை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றத்தக்கதாக இருக்கட்டும். பொருத்துவாயைப் பிரித்து அலம்பும்படியாகவும், ஈரம் தங்காமல் வழிந்தோடும்படியாகவும் அமைக்கட்டும். எந்தக் கம்பெனியின் தலையும் எந்தக் கைப்பிடியிலும் பொருந்தும்படி ஒரே அளவைச் சர்க்கார் நிர்ணயிக்கட்டும். அப்போது கைப்பிடியைக் கொடுத்து ஆயுள் முழுவதும் கட்டிப்போடும் தந்திரம் பலிக்காது. வருஷத்துக்கு நான்கு சிறு தலைகளோடு ஒருவருடைய குப்பை முடிந்துவிடும். குச்சியால் விளக்குவோர் அதை விட வேண்டியதில்லை. ஆனால் உட்புறப் பற்களுக்குக் குச்சி எளிதில் எட்டாதென்பதையும், முரட்டுத்தனமாகத் தேய்த்தால் ஈறு கிழியுமென்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பல் கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் சர்க்கரையும், புகையிலையும், துலக்காமல் தூங்கப் போகும் வழக்கமும், வைத்தியரை அணுக வசதியின்மையுமே. இவற்றுக்குப் பரிகாரம் பிரஷின் தலையில் இல்லை. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பதை 1992-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தடுத்தது ஒரு நல்ல காரியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் குழந்தைகளின் பற்கள் கறைபட்டன. எந்தப் பிரஷாலும் அந்தக் கறையைப் போக்க முடியாது. அதைத் தடுப்பதற்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் காவேரித் தண்ணீரை அந்த ஊர்களுக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. பொதுப் பணத்தால் பொது நன்மைக்காகச் செய்யப்படும் இத்தகைய காரியங்களே தேசத்தின் பல்லைக் காப்பவை.

தேச ஊழியர்கள் செய்யக்கூடியது நிரம்ப உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் பல் பரிசோதனை ஒழுங்காக நடைபெறுகிறதா என்று விசாரிக்க வேண்டும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் வைத்தியர் வருகிறாரா என்று கேட்க வேண்டும். ஒரே பிரஷைப் பலர் உபயோகிக்கும் வீடுகளில் அதன் தீங்கை எடுத்துச் சொல்லி, ஆளுக்கொரு பிரஷ் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒரு வீட்டில் நாளைக்கு எட்டுத் தலைகள் குப்பைக்குப் போவதும், அடுத்த தெருவில் நால்வருக்கு ஒரே பிரஷ் இருப்பதும் சுகாதாரமுள்ள சமூகத்தின் லக்ஷணம் ஆகா. முதலில் எல்லோருக்கும் ஒரு பிரஷ் கிடைக்கட்டும். அதை அலம்பி உலர்த்துவதற்கு நல்ல தண்ணீர் கிடைக்கட்டும். வேளைக்கொரு தலையைப் பற்றி அதன் பிறகு பேசுவோருக்கு அன்று பதில் சொல்லிக்கொள்ளலாம்.