ஓராண்டில் ஐம்பது போர்க்கப்பல்! கட்டிய கைகள் என்னவாயின?

கப்பல் கட்டும் தொழில் மீண்டும் பெரிய செய்தியாகி இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், தம் நாட்டுக் கப்பல் தொழிலைத் தூக்கி நிறுத்துவதற்கென்று ஓர் உத்தரவு பிறப்பித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி நமது மத்திய மந்திரி சபை இத்தொழிலுக்காக 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே மாதத்தில், தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளங்கள் அமைப்பது குறித்து மும்பை மசகான் டாக் நிறுவனமும் கொச்சி கப்பல் தளமும் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. உலகில் கட்டப்படும் வணிகக் கப்பல்களில், கொள்ளளவுக் கணக்கில் பார்த்தால், பாதிக்கு மேல் சீனாவில் கட்டப்படுகின்றன. அமெரிக்காவின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நமது பங்கும் அதே கதிதான்.

நம் நிலை புரிகிறது. ஆனால் அமெரிக்காவுக்கு ஏன் இந்த நிலை? இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஈடு ஈடாக இட்லி இறக்குவதுபோலக் கப்பல்களைக் கடலில் இறக்கிய நாடல்லவா அது? அந்தக் கதையை முழுவதும் தெரிந்துகொண்டால், தூத்துக்குடி பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் தெரிந்துவிடும்.

அணை கட்டியவர் கப்பல் கட்டினார்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஹென்றி கைசர் என்று ஒரு காண்டிராக்டர் இருந்தார். ஹூவர் அணை, கிராண்ட் கூலி அணை போன்ற பெரும் வேலைகளில் பங்கெடுத்தவர். கப்பல் தொழிலில் முன் அனுபவம் கிடையாது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இந்தத் தொழிலில் இறங்கினார். கலிபோர்னியாவில் ரிச்மண்ட் நகரில் மட்டும் நான்கு தளங்கள். அங்கிருந்து 747 கப்பல்கள் வெளிவந்தன.

‘லிபர்ட்டி’ என்ற ஒரே மாதிரிச் சரக்குக் கப்பலை நாடு முழுவதும் பல தளங்கள் கட்டின. மொத்தம் 2,710 கப்பல்கள். 1941-ல் முதல் கப்பலை முடிக்கச் சுமார் எட்டு மாதம் ஆயிற்று. பிறகு சராசரி 42 நாளாகக் குறைந்தது. 1942 நவம்பரில் ரிச்மண்டில் ஒரு கப்பலை அடிக்கட்டை வைத்த நாலரை நாளில் தண்ணீரில் இறக்கிக் காட்டினார்கள். அது விளம்பரத்துக்காகச் செய்த சாதனை. பாகங்களை முன்கூட்டியே தயாரித்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

மும்பை மக்கள் மறக்க முடியாத ஒரு கப்பலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 1944 ஏப்ரல் 14-ந் தேதி விக்டோரியா டாக்கில் வெடித்து நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்த ‘போர்ட் ஸ்டிகைன்’, லிபர்ட்டிக்கு நெருங்கிய உறவுள்ள மாதிரியில் 1942-ல் கனடாவில் கட்டப்பட்ட யுத்தகாலக் கப்பல்.

கைசரின் பெரிய சாதனை போர்க்கப்பலில்தான். சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களை மொத்தமாகக் கட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னபோது கடற்படை அதிகாரிகள் ஏற்கவில்லை. அவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்வரை சென்று உத்தரவு வாங்கினார். வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் இருந்த தளத்தில் ‘காசாபிளாங்கா’ ரகக் கப்பல்கள் ஐம்பது கட்டப்பட்டன. முதல் கப்பல் 1943 ஜூலை 8-ந் தேதி கடற்படையில் சேர்ந்தது. ஐம்பதாவது கப்பல் 1944 ஜூலை 8-ந் தேதி சேர்ந்தது. கணக்காக ஓராண்டு!

வேகத்தின் ரகசியம்

பழைய முறையில் கப்பலை அடியிலிருந்து துண்டு துண்டாக, ஆணியடித்துக் கட்டுவார்கள். கைசர் அதை மாற்றினார். பெரிய பாகங்களைத் தனிக் கொட்டகைகளில் செய்து, கிரேன் மூலம் தூக்கி வந்து, வெல்டிங் வைத்துப் பொருத்தினார்கள். சுமார் 140 டன் எடையுள்ள லிபர்ட்டி எஞ்சின்கள் பல ஊர்த் தொழிற்சாலைகளில் தயாராகி, தளங்களுக்கு ரயிலில் வந்து சேர்ந்தன. கப்பல் கரையோரத்தில் எழுந்தாலும், அதன் பாகங்கள் உள்நாட்டில் எங்கெங்கோ பிறந்தன.

ரிவெட்டு அடிப்பவர் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். ஒரே வகை வெல்டிங்கைப் புதியவருக்குச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். இதனால்தான் விவசாயிகளும் கடைச் சிப்பந்திகளும் குடும்பப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கப்பல் தொழிலாளரானார்கள்.

வேகத்துக்கு விலையும் இருந்தது. 1943 ஜனவரியில் போர்ட்லண்டில், கைசர் தளத்தில் புதிதாக முடிந்த ‘ஸ்கெனெக்டடி’ என்ற எண்ணெய்க் கப்பல், புயலோ அலையோ இல்லாமல், கட்டி நிறுத்திய இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் தன்மையுள்ள உருக்கு, வடிவமைப்புக் குறை, வெல்டிங்கில் கோளாறு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஆணியடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டோடு நின்றுவிடும். வெல்டிங் வைத்த கப்பலில் அது ஓடிக்கொண்டே போகும். இந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஆராய்ச்சி, பிற்காலக் கப்பல்களைப் பலமாக்கியது.

ரயிலில் வந்த கூட்டம்

இத்தனை ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1942-ல் கைசர் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து போர்ட்லண்டுக்கு ஸ்பெஷல் ரயில்களில் தொழிலாளரைக் கொண்டுவந்தது. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, பெட்டி படுக்கையோடு. தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தார் பெருந்திரளாக வந்தார்கள். ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வந்தவர்களுக்குத் தங்க இடமில்லை. வீடில்லாவிட்டால் ஆள் நிற்கமாட்டான், ஆளில்லாவிட்டால் கப்பல் எழாது என்பதைக் கைசர் உணர்ந்திருந்தார். கொலம்பியா ஆற்றோரத் தாழ்நிலத்தில் ‘வான்போர்ட்’ என்ற புதிய ஊர் சில மாதங்களில் எழுந்தது. உச்சகட்டத்தில் சுமார் 40,000 பேர் அங்கே வசித்தார்கள். போர்ட்லண்ட் தளங்களின் வாசலிலேயே இரவு பகலாக இயங்கும் குழந்தைக் காப்பகங்கள் 1943-ல் திறக்கப்பட்டன. வேலை முடிந்து குழந்தையைக் கூட்டிச் செல்லும் தாய், இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிப் போகலாம். தொழிலாளருக்கு ஏற்படுத்திய மருத்துவத் திட்டம் 1945-ல் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டு, இன்றும் நடந்து வருகிறது.

எல்லாம் தர்மம் என்று எண்ணிவிட வேண்டாம். கறுப்பினத் தொழிலாளரைத் தொழிற்சங்கமே சம உறுப்பினராக ஏற்காமல், ஓட்டுரிமையில்லாத கிளைச் சங்கத்தில் ஒதுக்கி வைத்தது. மறுத்தவர்களுக்கு வேலை போயிற்று. ‘மரின்ஷிப்’ தளத் தொழிலாளி ஜோசப் ஜேம்ஸ் தொடுத்த வழக்கில், 1944 இறுதியில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் யுத்தம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

யுத்தம் முடிந்தது, வேலையும் முடிந்தது

1945-ல் சமாதானம் வந்தது. ஆர்டர் நின்றது. தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குழந்தைக் காப்பகங்களும் மூடப்பட்டன. கடைசியாக வந்தவர்களே முதலில் வெளியே போனார்கள்.

வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வான்போர்ட்டிலேயே தங்கினார்கள். 1948 மே 30-ந் தேதி காலை, கரை பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. அன்று மாலை கரை உடைந்தது. சுமார் 18,500 பேர் வீடிழந்தார்கள். குறைந்தது 15 உயிர்கள் பலியாயின. ஓர் ஊர் ஒரே நாளில் தேசப்படத்திலிருந்து மறைந்தது.

தளங்களோடு தொழில் தெரிந்த கைகளும் சிதறின. அதன் விளைவை அமெரிக்கா இன்று அனுபவிக்கிறது. 2025 நவம்பரில், தாமதத்தில் சிக்கிய ‘கான்ஸ்டலேஷன்’ ரகப் போர்க்கப்பல்களில் நான்கை அமெரிக்கக் கடற்படை ரத்து செய்தது. அந்தத் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் தேர்ந்த தொழிலாளர் பற்றாக்குறையும் ஒன்று.

நம் வீட்டிலும் அதே கதை

இதைக் கேட்டு நாம் சிரிக்க இடமில்லை. 1972-ல் ‘நீலகிரி’ போர்க்கப்பலைக் கட்டிப் பெயர் வாங்கிய மசகான் டாக், ஜெர்மன் உதவியோடு நீர்மூழ்கி கட்டக் கற்றது. வெல்டர்கள் ஜெர்மனி சென்று பயிற்சி பெற்றார்கள். 1992-ல் ‘ஷல்கி’, 1994-ல் ‘ஷங்குல்’ என இரண்டு நீர்மூழ்கிகள் வெளிவந்தன. பிறகு? பேரத்தில் ஊழல் என்ற புகார் எழுந்து, மேற்கொண்டு ஆர்டர் வரவில்லை. பயின்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள்; ஓய்வும் பெற்றார்கள். இங்கே கட்டிய அடுத்த நீர்மூழ்கி ‘கல்வரி’ கடற்படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். இடையே 23 ஆண்டுகள்! புதிய தலைமுறை அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

அன்றைய எளிய கப்பலையும், ஏவுகணையும் ராடாரும் நிறைந்த இன்றைய கப்பலையும் நாள் கணக்கில் ஒப்பிடுவது நியாயமாகாது. புதிய ‘நீலகிரி’ 2017 கடைசியில் தொடங்கி 2025 ஜனவரியில்தான் கடற்படையில் சேர்ந்தது. ஆனால் ஒரு பாடம் மாறவில்லை. கிரேனைக் காசு கொடுத்து வாங்கலாம். நல்ல வெல்டரை வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். வளர்த்தவரைக் காப்பாற்றத் தொடர்ந்து வேலை வேண்டும்.

ஆகவே தூத்துக்குடித் திட்டத்தில் எத்தனை ஆயிரம் கோடி என்பதோடு நின்றுவிடக்கூடாது. எத்தனை ஆண்டுக்கு ஆர்டர் கையில் இருக்கும்? நம் பையன்கள் நிறுவனத்தின் பட்டியலில் சேருவார்களா, காண்டிராக்டரின் நோட்டுப் புத்தகத்திலேயே காலம் கழிப்பார்களா? வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் குடியிருப்பு மேட்டிலா, பள்ளத்திலா? வடக்கேயிருந்து நாளை அங்கே பிழைக்க வரப்போகும் தொழிலாளிக்கும் சேர்த்தே இதை நாம் கேட்க வேண்டும். அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.