எல்லா ஆட்டமும் சூதாட்டம் இல்லை

விளையாடுவது, நடிப்பது, சூதாடுவது: மூன்றுக்கும் பிரெஞ்சில் 'ழுவே' என்று ஒரே சொல்தான். ஆன்லைன் ஆட்டம் என்றாலே நம் வயதுக்காரர்கள் மூன்றாவதை மட்டுமே நினைக்கிறார்கள். ரம்மியால் குடும்பங்கள் கெட்டது உண்மை. பணம் வைத்து ஆடுவதை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்ததும் சரி. ஆனால் 'மட்' என்னும் எழுத்து விளையாட்டையும் அதோடு சேர்த்துத் திட்டுவது அநியாயம்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ஆட்டம் அது. படமே கிடையாது. 'இருட்டறையில் நிற்கிறாய்' என்ற பொருளில் ஒரு வரி வரும்; 'நார்த்' என்று தட்டினால் அடுத்த அறை. அங்கே வேறு தேசத்துக்காரர் ஒருவர் மந்திரவாதியாக நிற்பார். பார்வையற்றவர்களும் கணினி வாசித்துக் காட்டக் கேட்டு ஆடுகிறார்கள். 1991இல் 'டிக்குமட்' நிரலை வெளியிட்ட கோபன்ஹேகன் மாணவர்கள், இதை வைத்துக் காசு பண்ணக்கூடாது என்றே நிபந்தனை போட்டார்கள்.

இதில் எங்கே இருக்கிறது சூது? தெருக்கூத்தில் ஒரு திரைச்சீலையை வைத்தே அரண்மனையைக் கண்டவர்கள் நாம். சொல்லின் ருசி நமக்குத் தெரியாதா? பேரன் ஆடினால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். தமிழில் ஒன்று எழுதச் சொல்லுங்கள். கதை நாம் கொடுப்போம்.