முறையிட யாருக்கு உரிமை?

மூணாறு–போடிமெட்டு நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணியில் கேப் ரோட்டுப் பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2019, 2020 ஆண்டுகளில் அங்கு நேர்ந்த நிலச்சரிவுகளைப் பற்றிப் பேசினோம். வெடியோசையின் அருகே வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை.

அச்சாலையோரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பிறந்த மண்ணிலேயே இவர்கள் அயலாராகப் பார்க்கப்பட்டனர். குடியிருக்கும் லயமும் தோட்ட நிர்வாகத்துக்கே சொந்தம்; பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்நிலையில் இருப்பவர் ஓசையைக் குறித்து எவரிடம் முறையிடுவார்? அவரது மௌனத்தைப் பழக்கம் என்றோ சம்மதம் என்றோ எழுதுவது ஆய்வாகாது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுக்கின்றன. அதனினும் 10 டெசிபல் மிகுந்தால் எவரும் முறையிடலாம். வீடு சொந்தமா, ஊர் எது என்று விதி வினவுவதில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் இடமளிக்கிறது.

ஆகவே, வெடிவைக்கும் நேரத்தை லயங்களில் தமிழில் முன்னறிவிப்பது சலுகையன்று, கடமை. உரிமை ஏட்டில் உள்ளது. அதைக் கேட்கும் துணிவை அயலார் என்ற சொல்லே பறிக்கிறது.