அழவைத்த படமும் வெட்கப்படவைத்த விளையாட்டும்

 

படித்த நூல்களைப் பற்றியும் பார்த்த படங்களைப் பற்றியும் இப்பகுதியில் உங்களோடு உரையாடி வருகிறேன். வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றியும் எழுத நேரும் என நான் எண்ணியதே இல்லை. பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் பூதம் என்றே அதனை இதுகாறும் ஏசி வந்தவன் நான். விடுமுறைக்கு வந்திருந்த என் மகன், கல்லூரியில் இறுதியாண்டு பயில்பவன், ஒரு நாள் கைபேசியை என்னிடம் நீட்டினான். "வாப்பா, ஒரே ஒரு நாள் விளையாடிப் பாருங்க. அப்புறம் ஏசுங்க" என்றான்.

விளையாட்டின் பெயர் 'திஸ் வார் ஆஃப் மைன்'. போலந்து நாட்டின் லெவன் பிட் ஸ்டூடியோஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டது. போர் விளையாட்டு என்றதும், துப்பாக்கியேந்தி எதிரிகளைச் சுட்டு வீழ்த்தி மதிப்பெண் குவிப்பதே நம் நினைவுக்கு வரும். இதில் நாம் படைவீரர் அல்லர். முற்றுகையிடப்பட்ட ஒரு நகரில், இடிந்த வீடொன்றில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாரணக் குடிமக்கள் சிலரை நாம் காப்பாற்ற வேண்டும். பகலில் வெளியே தலைகாட்ட இயலாது. மறைந்திருந்து சுடுவோர் காத்திருப்பர். வீட்டுக்குள்ளேயே அடுப்பு அமைக்கலாம், மழைநீரைச் சேர்க்கலாம், சுவரின் ஓட்டைகளை அடைக்கலாம். இரவானதும் ஒருவர் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உணவும் மருந்தும் தேடிப் புறப்பட வேண்டும். பையோ சிறியது. போர் எந்நாளில் முடியும் என்பதும் தெரியாது. அந்நாள்வரை உயிரோடிருப்பதே வெற்றி.

விளையாட்டில் வரும் நகரம் கற்பனையானது. ஆயினும் அதற்கு வித்திட்டது போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகை. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள் அந்நகர மக்கள் குண்டுகளுக்கும் பசிக்கும் நடுவே வாழ்ந்தனர்.

என் ஆட்கள் பட்டினியால் துவண்டிருந்த ஓர் இரவில், ஒருவரை வெளியே அனுப்பினேன். அவர் சென்றடைந்த வீட்டில் முதிய தம்பதியர் இருவர் மட்டுமே இருந்தனர். அவர்களிடம் உணவும் இருந்தது, மருந்தும் இருந்தது. தடுக்கும் வலிமைதான் இல்லை. கிழவர் பின்தொடர்ந்து வந்து கெஞ்சினார். நான் பையை நிரப்பினேன். "விளையாட்டுதானே!" என்று மகனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

வீடு திரும்பிய என் ஆள், தலையைத் தொங்கவிட்டு அமர்ந்துவிட்டார். அவர் துயருற்றிருப்பதாகத் திரை காட்டிற்று. நடை தளர்ந்தது. வயிறு நிறைந்தும் அவ்வீட்டில் ஒருவர் முகத்திலும் தெளிவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் அந்த விளையாட்டு மட்டுமன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். இடுப்பளவு நீரில் நடந்து சென்று ஆறு பால் பாக்கெட்டுகள் வாங்கி வந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, "ஒன்று இருந்தால் தாருங்கள் பாய், அவளுக்கு மாத்திரை போட வேண்டும்" என்று கேட்டார். "தீர்ந்துவிட்டது ஐயா" என்றேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தனர், நாளை என்னவாகுமென்ற அச்சமிருந்தது. அத்தனையும் உண்மை, நான் சொன்னது பொய். அதனை மறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

இனித் திரைப்படத்திற்கு வருகிறேன். சரயேவோ முற்றுகைக்குள் பதின்ம வயதுப் பெண்ணாக வாழ்ந்தவர் இயக்குநர் யாஸ்மிலா ஷ்பானிச். அவர் 2020-இல் எடுத்த 'குவோ வாடிஸ், ஐதா?' என்ற படத்தை, மறுவாரம் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்தேன். ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும், 2021-இல் ஐரோப்பாவின் சிறந்த படமெனத் தேர்வானதும் இதுவே.

ஐ.நா. பாதுகாப்பு வலயமென அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா நகரம், 1995 ஜூலை 11 அன்று போஸ்னிய செர்பியப் படைகளிடம் வீழ்ந்தது. அடைக்கலம் தேடிப் பல்லாயிரவர் ஐ.நா. முகாமுக்கு ஓடினர். ஐதா பள்ளி ஆசிரியை, முகாமில் மொழிபெயர்ப்பாளர். அஞ்ச வேண்டியதில்லை என்று அதிகாரிகள் கூறுவதை அவள்தான் தன் மக்களிடம் தாய்மொழியில் சொல்ல வேண்டும். அச்சொற்களை அவளே நம்பவில்லை. கணவனையும் இரு மகன்களையும் காப்பாற்ற அவள் கதவு கதவாக ஓடுகிறாள், பெயர்ப்பட்டியலுக்காக மன்றாடுகிறாள். அவளிடம் படித்த மாணவனே எதிர்ப்படையில் துப்பாக்கியோடு நின்று, "டீச்சர்" என்று நலம் விசாரிக்கிறான். ஐதாவாக நடித்துள்ள யாஸ்னா ஜூரிசிச் செர்பிய நடிகை என்பதும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆண்களும் சிறுவர்களுமாக 8,000-க்கும் மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். இயக்குநர் அக்கொலையை நம் கண்முன் விரித்துக் காட்டவில்லை. ஒரு கூடத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அடக்கமே நெஞ்சை அறுக்கிறது. என் மனைவி விம்மி அழுதார். நானும் அழுதேன்.

அழுது முடித்தபின் ஒன்றை உணர்ந்தேன். படம் பார்த்து அழுதபோது, நான் நல்லவன் என்ற நிறைவும் எனக்குள் ஓரமாக இருந்தது. ஐதாவின் துயருக்கு நான் பொறுப்பல்லவே! விளையாட்டு அந்த நிறைவைத் தரவில்லை. பையை நிரப்பியது என் விரல். கொடியவர்கள் எங்கோ இருப்பவர்கள் என்று நம்பியிருந்தவனுக்கு, அச்சம் மிகும் வேளையில் தானும் எவ்வளவு எளிதில் இளகாதவனாகிவிடுகிறான் என்பதை அது காட்டிற்று.

ஆயினும் விளையாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. என் வாட்டத்தைக் கண்ட மகன், "கவலைப்படாதீங்க வாப்பா, முதல்லேருந்து மறுபடியும் ஆடலாம்" என்றான். ஐதாவுக்கு அப்படி ஒரு மறுபடி இல்லை. ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார் இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று பொட்டோச்சாரியில் கூடி, புதிதாக அடையாளம் காணப்பட்ட எலும்புகளை அடக்கம் செய்கின்றனர். இதனைச் சொல்லப் படம்தான் வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு சொல்: இவ்விளையாட்டு 18 வயது நிரம்பியோருக்கானது. போலந்து அரசு 2020-இல் பள்ளி மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலில் இதனைச் சேர்த்தபோதும் அவ்வயதினருக்கே பரிந்துரைத்தது. சிறுவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். வளர்ந்த பிள்ளைகளோடு நீங்களும் அமர்ந்து ஆடுங்கள். ஆடி முடித்தபின் பேசுங்கள். பால் பாக்கெட் கதையை என் மகனிடம் சொன்னேன். அவன் ஏசவில்லை. "அந்த அப்பா இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டான்.

அப்பெரியவர் பழைய வீட்டிலேயே இருப்பதாக அறிந்தேன். அடுத்த வாரம் சென்னை செல்கிறேன். அவரிடம் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை; ஆனால் போகாமலிருக்க முடியாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.