விடை தெரிந்த வாத்தியார்



புதிர்ப்போட்டி என்றால் நம் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. அப்படியொரு போட்டியில் வென்று புகழின் உச்சிக்கே போன ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன். பெயர் சார்ல்ஸ் வான் டோரன். அமெரிக்கர். நம்மைப் போல அவரும் ஒரு வாத்தியார். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்தவர். தகப்பனார் மார்க் வான் டோரன் அங்கேயே பேராசிரியர். கவிதைக்காக 1940-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். கல்விமான்கள் குடும்பம்.

1956-ஆம் ஆண்டு என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘இருபத்தொன்று’ என்ற போட்டி தொடங்கியது. இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஒரு புள்ளியிலிருந்து 11 புள்ளி வரை கேள்விகள் உண்டு. புள்ளி கூடக் கூடக் கேள்வியும் கடினமாகும். 21-ஐ எட்டிப் பிடிக்க வேண்டும். வான் டோரன் கூண்டுக்குள் நின்று உதட்டைக் கடிப்பார், நெற்றி வியர்வையை ஒற்றிக்கொள்வார், ஆளைத் தவிக்கவிட்டு விடை சொல்வார். 1957 பிப்ரவரியில் ‘டைம்’ சஞ்சிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. மார்ச்சில் தோற்று வெளியேறியபோது கையில் பரிசு 129,000 டாலர்.

அத்தனையும் நாடகம்! கேள்வி, விடை, எந்த இடத்தில் தயங்குவது, எப்போது வியர்வையைத் துடைப்பது, எல்லாமே தயாரிப்பாளர் முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தவை.

அவரிடம் தோற்றவர் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்ற கல்லூரி மாணவர். அவருக்கும் அதுவரை விடைகள் வந்துகொண்டுதான் இருந்தன. பிறகு, தோற்றுப் போ என்று உத்தரவு வந்தது. 1955-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு எதற்குக் கிடைத்தது என்று கேள்வி. ‘மார்ட்டி’ என்பது விடை. ஸ்டெம்பலுக்கு மிகவும் பிடித்த படம் அது! இருந்தும் விடையை விழுங்கிவிட்டு வேறொரு படத்தின் பெயரைச் சொன்னார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்ததைத் தெரியாததாக நாடே பார்க்கச் சொல்வது எப்பேர்ப்பட்ட அவமானம்! பிற்பாடு விஷயத்தை வெளியே போட்டு உடைத்தவர் அவர்தான். முதலில் யாரும் எளிதில் நம்பவில்லை.

1959 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வான் டோரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தயாரிப்பாளர் அவருக்குப் போட்ட தூண்டில் என்ன தெரியுமா? நீங்கள் மேடையில் நின்றால் ஆசிரியர்களுக்கும் கல்விக்கும் நாட்டில் மதிப்பு உயரும் என்றாராம். இந்தப் பேச்சு எந்த வாத்தியாரையும் ஒரு கணம் அசைத்துவிடும். பாடுபடுகிற அளவுக்கு மரியாதை இல்லை என்று நாம் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதில்லையா? அங்கேயும் அதே புலம்பல்தான் போலும்.

இன்னொன்றும் சொன்னார். தெரியாத கேள்வி வந்தால், தயாரிப்பாளர் வாயால் விடை கேட்பதைவிட, முடிந்தபோதெல்லாம் தாமே புத்தகங்களைப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்தாராம். அசட்டுப் பெருமை என்று அதற்கு அவரே பெயர் வைத்தார். இதை வாசித்தபோது எனக்கு மேலே வாசிக்க ஓடவில்லை. கேள்வித்தாள் முன்னாலேயே கிடைத்த மாணவன், இரவு முழுக்க உட்கார்ந்து படித்தே விடை எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்தது மெய். அறிவும் மெய். புள்ளி மட்டும் பொய். “என் பிள்ளை படித்துத்தானே எழுதினான்?” என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்வது லேசான காரியமல்ல. 2014-இல் யு.பி.எஸ்.ஆர். தாள்கள் கசிந்து, தமிழ்மொழித் தாளையும் பிள்ளைகள் மறுபடி எழுத நேர்ந்ததே, நினைவிருக்கிறதா? ஒன்றுமறியாத பிள்ளைகளும் சேர்ந்துதான் பேனாவை எடுத்தார்கள்.

நிற்க. குழுவினர் சிலர் வான் டோரனை உண்மை சொன்னதற்காகப் பாராட்டினார்கள். டெரூனியன் என்ற உறுப்பினர் மட்டும், இத்தனை அறிவுள்ள பெரிய மனிதர் உண்மை சொன்னதற்கெல்லாம் பாராட்டத் தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். என் வோட்டு அவருக்கே. தொலைக்காட்சி வேலை போயிற்று, பல்கலைக்கழக வேலையும் போயிற்று. 1960-இல் இப்படிப் போட்டிகளில் சூது செய்வதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது.

அதன்பின் ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை எனலாம். ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா’வில் வேலை பார்த்தார். புத்தகத்தை எப்படி வாசிப்பது என்று மார்ட்டிமர் ஆட்லர் எழுதிய நூலை, 1972-இல் அவரோடு சேர்ந்து திருத்தி விரிவாக்கினார். இந்தக் கதை 1994-இல் சினிமாவாக வந்தபோது, ஆலோசகராக இருக்கப் பெரும் தொகை தர முன்வந்தார்கள், மறுத்துவிட்டார். மனைவிக்கு அதில் சம்மதமே இல்லை.

2008-இல், 82 வயதில், ‘நியூயார்க்கர்’ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். ஆசைப்பட்டது, பயந்தது, ஒளிந்தது எல்லாம் அதில் வருகிறது. அந்தச் சினிமாவின் முடிவில், இவர் மறுபடி பாடம் நடத்தவே இல்லை என்று எழுத்தில் காட்டுவார்கள். அது தவறு என்று கட்டுரையில் திருத்துகிறார்: பாடம் நடத்துவதை நான் நிறுத்தியதில்லை, ஆனால் மறுபடி ஒரு கல்லூரியில் நடத்த நெடுங்காலம் ஆயிற்று என்று. 2019-இல் தமது 93-ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு ஸ்டெம்பலும் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் வயது 93.