விழப்போகிற பல்தானே?

"விழப்போற பல்லுக்கு எதுக்குங்க வைத்தியம்?"

சிறு பிள்ளை வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது. பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், பள்ளி வாசலில் காத்திருக்கும் இன்னொரு அம்மா சொல்வார். காய்ச்சலுக்குக் காட்டப்போன இடத்தில் சில மருத்துவர்களே பல்லை எட்டிப் பார்த்துவிட்டு, "பால் பல்லுதானே, விடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பாட்டியையாவது மன்னிக்கலாம். கேட்க இதமான யோசனைதான். புதுப் பல் எப்படியும் வரப்போகிறது, அதற்குள் பிள்ளையை எதற்கு நாற்காலியில் படுக்கவைத்து அழவைக்க வேண்டும்?

இப்படிச் சொல்கிறவர்கள் மனதில் வைத்திருப்பது முன்பற்களை. பிள்ளை சிரித்தால் தெரிவது அவைதான், 6 வயதில் ஆடி விழுவதும், கூரை மேல் எறிந்து கொண்டாடுவதும் அவைதான். ஆனால் பால் பற்கள் மொத்தம் 20. அவற்றில் 6லிருந்து 8 வயதுக்குள் விழுபவை முன்பக்கத்து எட்டு மட்டுமே. மற்ற 12 பற்களும், அதாவது கோரைப்பற்கள் நான்கும் கடைவாய்ப் பற்கள் எட்டும், 9லிருந்து 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. சொத்தை அதிகம் பிடிப்பதும் பள்ளமும் மேடுமான அந்தக் கடைவாய்ப் பற்களில்தான். 4 வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லைக் காட்டி "விழுந்துடும்" என்று ஒருவர் சொன்னால், இன்னும் ஆறேழு வருடம் அது இப்படியே அழுகட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். நமக்கு ஒரு பல் வலித்தால் ஆறு நாள் பொறுப்போமா?

பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். வேறு வழி தெரியாததால் பொறுத்துக்கொள்கிறார்கள். 3 வயதுப் பிள்ளைக்கு "பல் வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாகவே மெல்லும், முறுக்கைத் தள்ளிவிடும், இரவில் காரணமில்லாமல் எழுந்து அழும். சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். அதற்குத் திட்டும் அடியும் வாங்கும். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான் என்று டானிக் கேட்டு வருகிற பெற்றோர், முதலில் அவன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். டானிக்கிலும் சர்க்கரைதான் இருக்கிறது என்பது வேறு கதை.

பால் பல்லின் எனாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். நிலைப்பல்லின் எனாமலில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் கொண்ட பல்கூழோ, பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் பெரியவர்களுக்கு நிதானமாக இறங்குகிற சொத்தை, பிள்ளைகளுக்குச் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். அப்புறம் வேரடியில் சீழ் கட்டும், ஈறில் கொப்புளம் தெரியும். சில பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்றும் நிலை வரும். இதோடும் முடிவதில்லை. அந்தக் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நடுவேதான் அடுத்து வரவேண்டிய பல்லின் முளை உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் தேங்கினால் கீழே வளரும் எனாமல் கெட்டு, புதுப் பல் முளைக்கும்போதே பழுப்புத் திட்டும் குழியுமாக வரலாம். பல் மருத்துவத்தில் அதற்கு டர்னர் பல் என்று பெயர். எந்தப் புதுப் பல்லை நம்பி பழைய பல்லைக் கைவிட்டார்களோ, அதுவே ஊனமாக வந்து நிற்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தம்பியும் உண்டு: "வலிச்சா பிடுங்கிடலாம், பால் பல்லுதானே!" பால் பல் தனக்குப் பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது, பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பது போல. இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லை 6 வயதில் பிடுங்கினால், அதன் பின்னால் முளைக்கும் பெரிய பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். நான்கைந்து வருடம் கழித்து வரவேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. கோணலாக வரும், அல்லது எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு 13 வயதில் கிளிப் போட அலைவார்கள். அன்றைக்குச் செய்யாத ஒரு ஃபில்லிங்கின் செலவையும் இன்றைய கிளிப்பின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மிச்சம் பிடித்தது யார் என்று தெரியும். பிடுங்கியே தீரவேண்டும் என்றால் இடைவெளி மூடாமல் காக்கும் ஒரு சிறு கம்பிக் கருவியைப் பொருத்தலாம். பிடுங்குகிற அன்றைக்கே அதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

6 வயதில் முளைக்கும் அந்தப் பெரிய பல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்கெல்லாம் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற நிலைப்பல். ஒரு பல் விழுந்தால்தான் இன்னொன்று முளைக்கும் என்று நம்பும் வீட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. 8 வயதில் அதில் கறுப்பாகக் குழி தெரிந்தால், அதுவும் பால் பல் என்றே நினைத்து அதே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல், பத்துப் பன்னிரண்டு வயதில் போய்விடுகிறது. பக்கத்தில் இருக்கும் அழுகிய பால் பற்களின் கிருமிக் கூட்டத்துக்கு நடுவேதான் அது முளைக்கவும் வேண்டியிருக்கிறது.

இது ஏதோ நம் ஊரின் அலட்சியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் சுமார் 51.4 கோடிக் குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. இதைச் சொன்னால், "எங்க தாத்தா வேப்பங்குச்சியிலதான் விளக்கினார், நூறு வயசு வரைக்கும் கரும்பு கடிச்சார்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். தாத்தா தூங்கும்போது வாயில் சர்க்கரைப் பால் புட்டியை வைத்திருக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு க்ரீம் பிஸ்கட், டியூஷன் போகும்போது ஒரு சாக்லேட், வந்த பிறகு ஒரு ஜூஸ் பாக்கெட் என்று நாள் முழுக்கப் பல்லைச் சர்க்கரையில் நனைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. சர்க்கரை எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லுக்கு முக்கியம். ஸ்வீடனில் வீபெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1940களில் தொடங்கிய ஆய்வு இதைக் காட்டியது. ஒட்டும் மிட்டாயை உணவுக்கு இடையிடையே தின்றவர்களுக்கே சொத்தை மிக அதிகம். காப்பகத்தில் இருந்தவர்களின் பற்களைப் பலிகொடுத்து நடந்த ஆய்வு அது. வெட்கக்கேடான வழியில் கிடைத்த அந்த உண்மையையும் நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

ஆட ஆரம்பித்துவிட்ட முன்பல்லில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, வலி இல்லை, வீக்கம் இல்லை என்றால் அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். எல்லாப் பால் பல்லையும் துளைத்து அடைத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் அதையும் சந்தேகப்படுங்கள். ஆனால் விடலாமா கூடாதா என்பதைப் பல்லைப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும். வைத்தியம் என்றாலே மெஷின் என்ற பயமும் பழையது. சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்ற மருந்தைத் தொட்டுவைத்தே பல சொத்தைகளை வளராமல் நிறுத்துகிறார்கள். பல் கறுத்துவிடும், அவ்வளவுதான். நரம்பு கெட்டிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு, மேலே ஸ்டீல் கேப் உண்டு. அது பல்லோடு சேர்ந்து தன் காலத்தில் விழுந்துவிடும்.

பேஸ்ட் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. குழந்தை படம் போட்ட ட்யூப்களில் சில ஃப்ளூரைடு இல்லாதவை. வாங்கும்போது திருப்பிப் படியுங்கள். 3 வயது வரை ஒரு அரிசி அளவு, அதன் பிறகு ஒரு பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்த பகுதிகளில் மட்டும் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது. 7 வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். பிரஷ்ஷைக் கடித்துத் துப்பிவிட்டு ஓடுவதைப் பல் விளக்கல் என்று சொல்ல முடியாது. இரவில் விளக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், சர்க்கரையால் உண்டாகும் அமிலத்தைக் கழுவ வாயில் ஆள் இருக்காது.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் ஒன்று 2013இலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. அதன் பட்டியலில் பல்லும் சேர்த்தி. ஆனால் "சொத்தை" என்று எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டுக்குப் போனதும் பால் பல் நியாயத்தில் அடிபட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. இன்னும் முன்னாலேயே பிடிக்க ஒரு வழி உண்டு. ஒன்றரை வயதில் தடுப்பூசிக்கு வரும் பிள்ளையின் மேலுதட்டை நர்ஸ் ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்தால் போதும். ஈறோரமாகப் பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். இரவுப் புட்டியை நிறுத்தி, ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினால் அந்தக் கட்டத்தில் துளைக்காமலே அதை நிறுத்திவிட முடியும்.