முகங்களும் மலைகளும்

பள்ளிப் பருவத்தில் பிள்ளை படம் வரைந்தால் மகிழ்ந்து பாராட்டும் நாம், அவனே வளர்ந்தபின் 'ஓவியனாவேன்' என்று சொன்னால் திகைத்துப் போகிறோம். எங்கள் துறையின் கையெழுத்து இதழுக்குப் படம் வரையும் மாணவர் ஒருவர் கடையநல்லூரிலிருந்து வந்தவர். அவருடைய ஏட்டில் இரண்டே பொருள்கள்தாம் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒன்று, ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர். மற்றொன்று, ஊரின் முதியோர் முகங்கள். தறியில் தேய்ந்த பாட்டனாரின் முகத்தை அவர் கரியால் தீட்டியிருந்த விதம் கண்டு நாங்கள் சற்று நேரம் பேசாதிருந்தோம். கன்னத்துச் சுருக்கங்களும் மலையின் மடிப்புகளும் ஒரே கையால், ஒரே பரிவோடு வரையப்பட்டிருந்தன.

அந்த ஏட்டை இனித் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டதாக அவர் கூறியபோது, இது ஒரு வீட்டின் செய்தி மட்டுமன்று என உணர்ந்தோம். தடைக்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று மார்க்கம், மற்றொன்று பிழைப்பு. இரண்டுமே மதிக்கத்தக்கவை, ஆதலால் இரண்டையும் நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உயிருள்ளவற்றின் உருவம் தீட்டுதல் குறித்து நபிமொழிகளில் கடும் எச்சரிக்கை உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் படம் வரைந்தே பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள் என்பதும் புகாரியில் பதிவான செய்தியே. தூரிகையைப் பிடுங்காமல் அதற்கு ஒரு திசையைக் காட்டிய பெருமனத்தை நாம் கவனிக்க வேண்டும். மலைகள் எவ்வாறு நிறுத்தப்பட்டுள்ளன என்று நோக்கும்படி அல்காஷியா அத்தியாயம் மனிதனை அழைக்கிறது. மலையை உற்று நோக்கும் கண்ணை நாம் எவ்வாறு பழிக்க இயலும்? முகம் வரைதலைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹிராத் நகரின் பிஹ்ஸாதும், ஜஹாங்கீரின் அவையில் 'நாதிருஸ்ஸமான்' என்ற பட்டம் பெற்ற அபுல் ஹஸனும் முஸ்லிம்களே என்பதை வரலாறு சொல்லும். இதில் தீர்ப்புரைக்க நாம் தகுதியுடையோம் அல்லோம். உலமாப் பெருமக்களிடம் அம்மாணவரே கேட்டுத் தெளியட்டும்.

இனிப் பிழைப்பு. பிரான்சு நாட்டின் எக்ஸ் நகரில் 1839-இல் பிறந்த பால் செசானின் தந்தை வங்கி நடத்தியவர். மகன் வழக்கறிஞனாக வேண்டுமென விரும்பிச் சட்டம் படிக்க அனுப்பினார். மகனோ சட்டத்தை விட்டுத் தூரிகையைப் பிடித்தான். 1866-ஆம் ஆண்டையொட்டி, இருபத்தேழு வயதில், தாய்மாமன் தொமினிக்கின் முகத்தை வண்ணக் கத்தியால் அப்பி அப்பி மீண்டும் மீண்டும் தீட்டினான். அவ்வாண்டிலேயே, செய்தித்தாள் படிக்கும் தந்தையையும் வரைந்தான். பாரிஸ் நகரின் அரசு சார்ந்த கண்காட்சி அவன் படங்களைப் பலமுறை திருப்பியனுப்பியது. மனம் தளராத அவர், பிற்காலத்தில் தம் ஊருக்கருகிலுள்ள செந்த் விக்தோர் மலையை எண்ணெய் வண்ணத்திலும் நீர் வண்ணத்திலும் பல பத்து முறை தீட்டினார். 1906 அக்டோபரில் வெட்டவெளியில் வரைந்துகொண்டிருக்கையில் புயல்மழையில் சிக்கி நோயுற்று, சில நாள்களில் மறைந்தார். வளர்ந்த ஊரின் ஒரு மலையே ஒருவரின் ஆயுள் முழுமைக்கும் போதிய பாடமாயிற்று.

அப்பாடம் நம் நாட்டு முஸ்லிம் இளைஞர் ஒருவருக்கும் வந்து சேர்ந்தது. மண்டலா மாவட்டத்தில் வனத்துறை அலுவலரின் மகனாக 1922-இல் பிறந்தவர் சையத் ஹைதர் ரஸா. 1948-இல் காஷ்மீர் சென்று இயற்கைக் காட்சிகளை வரைந்தார். அவற்றைக் கண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன், வண்ணம் இருந்தும் கட்டுமானம் போதவில்லை என்று சொல்லி, செசானைப் பயிலும்படி அறிவுறுத்தினார். அச்சொல்லை ரஸா ஏற்றார். 1950-இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் சென்றார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்து உலகப் புகழ் பெற்றும், பிறந்த மண்ணின் காடும் நருமதையும் அவர் நெஞ்சை விட்டகலவில்லை. 2016-இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே மண்டலாவில் தந்தையாரின் அடக்கவிடத்துக்கு அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

இவ்விருவர் வாழ்விலிருந்தும் நாம் பெறத்தக்கது ஒன்றுண்டு. ரஸாவுக்குத் தக்க நேரத்தில் குறை சொல்லி வழிகாட்ட ஒருவர் இருந்தார். படிக்க அனுப்ப ஓர் உதவித்தொகை இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நிதி திரட்டும் நம் ஜமாஅத்துகள், சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்பும் ஒரு பிள்ளைக்குக் கட்டணம் செலுத்த முன்வரலாகாதா? கலை பயின்றோர் எல்லாரும் ரஸா ஆகிவிடுவதில்லை; ஆசிரியராகவும், நூல்களுக்கு அட்டை வரைபவராகவும், துணிகளுக்கு வடிவம் தருபவராகவும் ஹலாலாகப் பிழைப்போர் பலர் உளர். நெசவாளர் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதனை நாம் சொல்லவும் வேண்டுமா?

பெரியோர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. வரைந்த தாளைக் கிழிப்பதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். தம்மை இவ்வளவு நேரம், இவ்வளவு அன்போடு பார்த்திருக்கும் பேரப்பிள்ளை ஒருவன் உண்டென்பதே அப்பாட்டனார்க்குப் பெருமையன்றோ!

அடுத்த கையெழுத்து இதழின் அட்டைக்கு அம்மாணவரிடம் அவர் ஊர் மலையைக் கேட்டிருக்கிறோம். தென்மேற்குப் பருவமழை முகில் இறங்கும் வேளையில் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்தம் இல்லத்தாரின் உள்ளமும் இசைய எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!